கைப்பற்றப்பட்ட ஜெர்மன் விமானங்கள்: பழைய படங்களைப் படிக்கும் முறை

பாலைவன மணலில் ஒரு சண்டை விமானம் நிற்கிறது. நீண்ட மூக்கு, ஒடுங்கிய உடல், நெருங்கி அமைந்த இரண்டு கால்கள். விமானங்களைப் பற்றிச் சிறிது அறிந்தவரும் அதை ஜெர்மானியரின் மெஸ்ஸர்ஷ்மிட் 109 என்று சொல்லிவிடுவர். ஆனால் அதன் உடலில் ஜெர்மன் சிலுவையைக் காணோம். பிரிட்டிஷ் விமானப்படையின் வட்டச் சின்னமும், அதன் அருகில் சீ.வீ. என்றும் வீ என்றும் மூன்று ஆங்கில எழுத்துக்களும் தீட்டப்பட்டிருக்கின்றன. விமானம் ஒருவருடையது, சின்னம் மற்றொருவருடையது. இத்தகைய படம் நூல்களில் வெளிவரும்போது, ‘கைப்பற்றப்பட்ட ஜெர்மன் விமானம்’ என்ற மூன்று சொற்களை மட்டும் கீழே அச்சிட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அது எங்கே கட்டப்பட்டது, யார் கையிலிருந்து யார் கைக்கு மாறியது, பின்னர் என்னவாயிற்று என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை அந்தப் படத்திலேயே பெரும்பாலும் அடங்கியிருக்கிறது. அதைப் படித்தெடுக்கத் தெரிய வேண்டும், அவ்வளவே.

மேற்சொன்ன விமானத்தையே எடுத்துக்கொள்வோம். சீ.வீ. என்பது பிரிட்டிஷாரோடு சேர்ந்து வட ஆப்பிரிக்காவில் போரிட்ட ஆஸ்திரேலிய விமானப்படையின் 3-ஆம் அணிக்குரிய அடையாள எழுத்து. எல் அலமெய்ன் போரில் தோற்று ஜெர்மானியர் மேற்கு நோக்கி ஓடியபோது, லிபியாவிலுள்ள கம்பூட் விமானத்தளத்தில் பல விமானங்களைப் போட்டது போட்டபடி விட்டுச் சென்றனர். 1942 நவம்பரில் அவற்றுள் ஒன்றை ஆஸ்திரேலியர் கண்டெடுத்துத் தங்கள் எழுத்தை அதன்மேல் தீட்டிக்கொண்டனர். அதற்குச் சில நாட்களுக்கு முன்வரை அதே உடலில் கருப்பு நிறத்தில் 6 என்ற எண் இருந்தது. அதற்கும் முன்பு, அவ்வாண்டு லைப்சிக் நகரிலுள்ள எர்லா தொழிற்சாலையை விட்டு வெளிவந்தபோது, பீ.ஜீ. + க்யூ.ஜே. என்ற நான்கு எழுத்துக்கள் இருந்தன. பின்னர் அது கப்பலேறி இங்கிலாந்து சென்றது, அங்கே ஆர்.என். 228 என்ற புதிய எண் பெற்றது. இரண்டரை ஆண்டுக்குள் ஒரே இயந்திரத்துக்கு நான்கு பெயர்கள்! நான்கு வேளைகளில் எடுத்த நான்கு படங்களை ஒருவர் முன் வைத்தால், நான்கு விமானங்கள் என்றே அவர் எண்ணுவார். உண்மையில் அவை நான்கும், 10639 என்ற தொழிற்சாலை எண்ணுடைய ஒரே விமானம்.

இந்தத் தொழிற்சாலை எண்ணே விமானத்தின் பிறப்புப் பெயர் எனலாம். சிலுவை மாறும், வண்ணம் மாறும், எழுத்து மாறும், இது மாறுவதில்லை. உடலில் ஆணியடித்துப் பொருத்திய சிறு தகட்டில் இதைப் பொறித்திருப்பர். வாலின் நிமிர்ந்த பகுதியில் சிறிய எண்களாகத் தீட்டியிருப்பதும் உண்டு. படத்தைப் பார்ப்பவர் கண் முதலில் செல்வது பெரிய எழுத்துக்களின்மீது. ஆராய்வோர் கண்ணோ, மறுபடி வண்ணம் பூசியவர் கவனியாமல் விட்ட சிற்றிடங்களைத் தேடும். பெரிதாகத் தெரிவது பெரும்பாலும் கடைசியாக எழுதப்பட்டது. அது கைப்பற்றியவரைப் பற்றிப் பேசும். சிறிதாக மூலையில் கிடப்பதே விமானத்தைப் பற்றிப் பேசும்.

கைப்பற்றியவர்கள் தங்கள் சின்னத்தை இவ்வளவு பெரிதாக எழுதியது பெருமைக்காக மட்டுமன்று. உயிருக்கு அஞ்சியே எழுதினர். ஜெர்மன் விமானம் ஒன்று இங்கிலாந்தின் வானில் பறந்தால், கீழேயுள்ள பீரங்கிக்காரனும் மேலேயுள்ள ஸ்பிட்பயர் விமானியும் அதை ஓட்டுபவன் யாரென்று விசாரித்துக்கொண்டிருக்க மாட்டார்கள். ஆகவே பிரிட்டிஷார் தாம் பிடித்த விமானங்களின் அடிப்பாகம் முழுவதற்கும் மஞ்சள் பூசினர். வட்டச் சின்னத்தைப் பெரிதாக இட்டனர். அதனோடு, பறக்கும்போது துணைக்குத் தங்கள் விமானங்களையும் அனுப்பினர். இதற்கென்றே 1941 நவம்பரில் டக்ஸ்போர்டு தளத்தில் 1426-ஆம் பகைவிமானப் பிரிவு என்று ஒன்று அமைக்கப்பட்டது. இது ஊர் ஊராகப் பறந்து சென்று, தளங்களிலுள்ள விமானிகளுக்கும் பீரங்கிப் படையினருக்கும் பகைவர் விமானங்களைக் கண்ணெதிரே காட்டிப் பழக்கியது. ஜெர்மன் விமானப்படையின் பெயராகிய ‘லுப்ட்வாபே’யோடு தங்கள் படையின் பெயரை இணைத்து, வீரர்கள் இதனை ‘ராப்வாபே’ என்று கேலியாக அழைத்தனர்.

கேலிக்குரிய வேலையாக அது எப்போதும் இருக்கவில்லை. 1940 பிப்ரவரி 9-ஆம் நாள் ஸ்காட்லாந்தில் நார்த் பெர்விக் என்ற ஊருக்கருகே ஹைன்கல் 111 குண்டுவீச்சு விமானமொன்று அடிபட்டு இறங்கியது. அதைப் பழுது பார்த்து, ஏ.டபிள்யூ. 177 என்ற எண்ணிட்டு, இந்தப் பிரிவினர் ஊரூராக ஓட்டினர். 1943 நவம்பர் 10-ஆம் நாள் போல்புரூக் தளத்தில் அது இறங்க முற்பட்டபோது, அதே ஓடுபாதையில் எதிர்முனையிலிருந்து அவர்களுடைய மற்றொரு ஜெர்மன் விமானமும் இறங்க வந்தது. மோதலைத் தவிர்க்கத் திரும்பிய ஹைன்கல் நிலைகுலைந்து விழுந்தது. உள்ளே இருந்த பதினொருவரில் எழுவர் மாண்டனர்.

அந்த ஹைன்கல் முதலில் பிடிபட்டபோது எடுத்த படங்களில் அதன் பழைய எழுத்துக்கள் தெளிவாக உள்ளன: 1எச், பிறகு சிலுவை, பிறகு இ, என். ஜெர்மானியரின் எழுத்து முறையை விளக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை. சிலுவைக்கு இடப்புறமுள்ள இரண்டு குறிகள் பெரும் படைப்பிரிவைக் குறிக்கும். 1எச் என்றால் 26-ஆம் குண்டுவீச்சுப் படைப்பிரிவு. சிங்கத்தைச் சின்னமாகக் கொண்ட பிரிவு அது. சிலுவைக்கு வலப்புறம் முதலில் வரும் எழுத்து அந்த ஒரு விமானத்தின் சொந்தப் பெயர், இங்கே இ. கடைசி எழுத்து, அது எந்த அணியைச் சேர்ந்தது என்று கூறும். எச், கே, எல் என்பவை முறையே 1, 2, 3-ஆம் அணிகள். எம், என், பி என்பவை 4, 5, 6. ஆர், எஸ், டி என்பவை 7, 8, 9. யூ, வீ, டபிள்யூ என்பவை 10, 11, 12. மூன்று மூன்று அணிகள் சேர்ந்து ஒரு குழு. ஏ, பி, சி, டி என்ற எழுத்துக்களைத் தலைமையகத்தைச் சேர்ந்த விமானங்களுக்கு ஒதுக்கினர். ஆகவே 1எச், இ, என் என்பதன் பொருள்: 26-ஆம் பிரிவில், இரண்டாம் குழுவில், 5-ஆம் அணியில், இ என்னும் விமானம். நான்கே எழுத்தில் முழு முகவரி அடங்கிவிட்டது.

இங்கே ஒரு சிக்கல் எழும். ஆங்கிலத்தில் எச் என்ற எழுத்துக்கும் என் என்ற எழுத்துக்கும் இரண்டு நெடுங்கோடுகள் பொது. நடுவிலுள்ள சிறு கோடு படுத்திருந்தால் எச், சாய்ந்திருந்தால் என். புழுதியும் எண்ணெயும் படிந்த உடலில், தொலைவிலிருந்து எடுத்த மங்கிய படத்தில், அந்த நடுக்கோடு எப்படியிருக்கிறதென்று காண்பது எளிதன்று. தவறிப் படித்தால் 5-ஆம் அணி 1-ஆம் அணியாகிவிடும். விமானம் வேறொரு குழுவுக்குப் போய்விடும். ஓலைச்சுவடி படித்தவர்களுக்கு இந்தத் துன்பம் புதிதன்று. ஓலையில் புள்ளியிட்டால் கிழியுமென்று புள்ளியை விட்டுவிடுவார்கள். ரகரமும் காலும் ஒரே வடிவில் நிற்கும். எகரம் குறிலா நெடிலா என்பதைப் பொருள் நோக்கியே துணிய வேண்டும். சுவடியைப் பதிப்பித்தோர் பல பிரதிகளை ஒப்புநோக்கியது போலவே, விமானப் படத்தைப் படிப்போரும் ஒரே விமானத்தின் வேறு படங்களைத் தேடி ஒப்பிடுகின்றனர். ஒரு படத்தில் மறைந்த கோடு மற்றொன்றில் விளங்கும்.

போரின் பிற்பகுதியில் இன்னொரு மாறுதலும் புகுந்தது. படைப்பிரிவைக் குறிக்கும் முதல் இரண்டு குறிகளையும் மிகச் சிறியனவாக எழுதத் தொடங்கினர். மற்ற இரண்டும் பழைய அளவிலேயே நின்றன. இதை அறியாதவர், படத்தில் பெரிய இரண்டு எழுத்துக்களைக் கண்டு, முன்பாதியை யாரோ அழித்துவிட்டார்கள் என்று கருதுவார். உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்துச் சிலுவைக்கு இடப்புறம் கூர்ந்து நோக்கினால், குட்டி எழுத்துக்கள் இரண்டும் அங்கேயே இருக்கும்.

சண்டை விமானங்களின் முறை வேறு. அவற்றில் நான்கெழுத்து முகவரி பெரும்பாலும் இல்லை. ஓர் எண்ணும், அந்த எண்ணின் நிறமுமே அடையாளம். ஒவ்வொரு குழுவிலும் முதல் அணிக்கு வெள்ளை, இரண்டாம் அணிக்குக் கருப்பு அல்லது சிவப்பு, மூன்றாம் அணிக்கு மஞ்சள் என்பது பொதுவிதி. சிலுவைக்குப் பின்னால் குறுக்குக் கோடு ஒன்று படுத்திருந்தால் இரண்டாம் குழு. நெட்டுக்கோடோ அலைபோன்ற கோடோ இருந்தால் மூன்றாம் குழு. ஒன்றுமில்லாவிட்டால் பெரும்பாலும் முதற் குழு. கம்பூட்டில் கிடைத்த ‘கருப்பு 6’, 77-ஆம் சண்டை விமானப் பிரிவின் 8-ஆம் அணியைச் சேர்ந்தது. 7, 8, 9 ஆகிய அணிகள் மூன்றாம் குழுவில் அடங்கும். அதில் இரண்டாவது அணி 8. ஆகவே கருப்பு நிறம் கணக்குக்குச் சரியாகப் பொருந்துகிறது. குழுத் தலைவருக்கும் அவருடைய உதவியாளருக்கும் எண்ணுக்குப் பதிலாக அம்புமுனை போன்ற கோணக்குறிகள் உண்டு.

நிறமே அடையாளம் என்றால், நிறமில்லாத கறுப்பு வெள்ளைப் படத்தில் அதை எப்படிக் காண்பது? இந்தத் துறையில் மிகுதியான பிழைகள் விளைவது இங்கேதான். ஆகையால் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்நாளில் இருவகைப் படச்சுருள்கள் வழங்கின. ஒன்று, எல்லா நிறங்களின் ஒளியையும் ஏறக்குறையக் கண் காண்பதுபோலவே பதிவு செய்வது. அதைப் பான்குரோமாட்டிக் என்பர். மற்றொன்று ஆர்தோகுரோமாட்டிக் எனப்படும் பழைய வகை. இதற்குச் சிவப்பு தெரியாது. நீலம் தேவைக்கு மேல் தெரியும். எனவே இதில் எடுத்த படத்தில் சிவப்பு நிறம் கருப்பாகவே விழும். மஞ்சளும் இருண்டு காணும். நீலமோ வெளுத்துச் சாம்பல் நிறமாகிவிடும். சிவப்பு எண் கருப்பாகத் தோன்றும். மஞ்சள் எண்ணைக்கூடக் கருப்பு என்று மயங்க இடமுண்டு. கைப்பற்றிய விமானத்தின் மஞ்சள் அடிப்பாகம் கன்னங்கரேலென்று தெரியும். அதைக் கண்டு, இரவில் பறப்பதற்காகக் கருப்பு பூசிய விமானம் என்று எழுதிவிட்டவர்களும் உண்டு.

இதிலிருந்து தப்ப ஒரு வழி இருக்கிறது. படத்தில், நிறம் நமக்கு உறுதியாகத் தெரிந்த ஒரு பொருளை முதலில் தேட வேண்டும். பிரிட்டிஷ் வட்டச் சின்னம் இதற்கு மிகவும் ஏற்றது. உடலின் பக்கத்திலுள்ள சின்னத்தில் நடுவே சிவப்பு, பிறகு வெள்ளை, பிறகு நீலம், வெளியே மஞ்சள் வளையம். படத்தில் வெளிவளையம் இருண்டும் நீல வளையம் வெளுத்தும் காணப்பட்டால் அது ஆர்தோ சுருள் என்று தெளியலாம். வெளிவளையம் வெளுத்தும் நீலம் இருண்டும் இருந்தால் மற்றொன்று. சுருளின் வகை தெரிந்த பின்னரே எண்ணின் நிறத்தைப் பற்றிப் பேச வேண்டும். படத்தில் அத்தகைய சாட்சி எதுவும் இல்லையென்றால், ‘இருண்ட நிறத்தில் 6’ என்று எழுதி நிறுத்திக்கொள்வதே நேர்மை.

படம் இடவலம் மாறி அச்சாவது மற்றொரு தொல்லை. அச்சுக்கூடத்தில் படச்சுருளைப் புரட்டி வைத்துவிட்டால் இடது வலதாகிவிடும். எழுத்துக்கள் தலைகீழாகத் தெரியாவிட்டால் பார்ப்பவருக்கு ஐயமே தோன்றாது. ஏ, எச், எம், டி, யூ, வீ, டபிள்யூ ஆகிய ஆங்கில எழுத்துக்கள் கண்ணாடியில் பார்த்தாலும் அப்படியே இருப்பவை. இவ்விடத்தில் வாலிலுள்ள சுவஸ்திகம் உதவுகிறது. ஜெர்மானியர் வாலின் இரு பக்கங்களிலும் அதை ஒரே திசையில் திரும்பியதாகவே எழுதினர். திசை மாறித் தெரிந்தால் படம் புரண்டிருக்கிறது என்று கொள்ளலாம். ஆனால் பிடித்தவர்கள் பல விமானங்களில் சுவஸ்திகத்தை அழித்துவிட்டார்கள். நினைவுப் பொருளாக அந்தத் தகட்டையே வெட்டியெடுத்துச் சென்ற வீரர்களும் ஏராளம். அப்போது இயந்திரத்தின் உறுப்புக்களைத்தான் நம்ப வேண்டும். மெஸ்ஸர்ஷ்மிட் 109-இல் எஞ்சினுக்குக் காற்றிழுக்கும் குழாய் மூக்கின் இடப்பக்கத்தில் மட்டுமே உண்டு. விமானியின் கண்ணாடி மூடி வலப்பக்கமாகச் சாய்ந்து திறக்கும். இவை வலம் இடமாகத் தெரிந்தால் படத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டியதுதான்.

உறுப்புக்களைக் கொண்டே வகையையும் காணலாம். மெஸ்ஸர்ஷ்மிட் 109-இன் ஈ வகையில் வாலின் கிடைப்பலகைகளுக்குக் கீழே முட்டுக்கம்பிகள் உண்டு. இறக்கை முனை சதுரமாக முடியும். எப் வகையில் முட்டுக்கம்பி போய்விட்டது. இறக்கை முனை உருண்டது. ஜீ வகையில் பிற்பட்டனவற்றின் மூக்கில் இருபுறமும் கட்டி போன்ற புடைப்புக்கள் தோன்றின. போக்கவுல்ப் 190-இல் ஏ–3 வகைக்கும் ஏ–4 வகைக்கும் வேறுபாடு, வாலின் உச்சியில் நிற்கும் ஒரு சிறு கம்பிதான். அது இருந்தால் ஏ–4.

அந்த ஏ–3 வகையில் ஒன்று பிரிட்டிஷார் கைக்கு வந்த கதை பலரும் அறிந்ததே. 1942 ஜூன் 23-ஆம் நாள் ஆர்மின் பாபர் என்ற ஜெர்மன் அதிகாரி, சண்டை முடிந்து திரும்பும்போது பிரிஸ்டல் கால்வாயை ஆங்கிலக் கால்வாய் என்று மயங்கி, பிரான்ஸ் வந்துவிட்டோமென்ற மகிழ்ச்சியில் வேல்ஸ் நாட்டிலுள்ள பெம்ப்ரி தளத்தில் இறங்கிவிட்டார். அன்றைய பிரிட்டிஷ் விமானிகளைத் திணறடித்துக்கொண்டிருந்த புதிய விமானம், ஒரு கீறலுமின்றி முழுதாகக் கிடைத்தது. முதற்படங்களில் எஞ்சின் பக்கத்தில் சேவல் தலைச் சின்னத்தைக் காணலாம். அது 2-ஆம் சண்டை விமானப் பிரிவின் மூன்றாம் குழுவுக்குரியது. குழுத் தலைவர் பெயர் ஹான். ஜெர்மன் மொழியில் ஹான் என்றால் சேவல். சில நாட்களில் சேவல் மறைந்து எம்.பி. 499 என்ற எண் வந்தது. சேவல் இருக்கும் படம் எப்போது எடுத்தது, எண் இருக்கும் படம் எப்போது எடுத்தது என்று இனி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

காலத்தைத் துணிவதற்கு இன்னும் சிறந்த எடுத்துக்காட்டு உட்பிரிட்ஜ் தளத்தில் இறங்கிய யுங்கர்ஸ் 88. 1944 ஜூலை 13-ஆம் நாள் விடியற்காலையில் இந்த இரவுச் சண்டை விமானம் திசை தவறி இங்கிலாந்தில் வந்து இறங்கியது. இதன் எழுத்து 4ஆர், யூ, ஆர். மேலே கூறிய விதிப்படி கடைசி ஆர் 7-ஆம் அணி. 4ஆர் என்பது 2-ஆம் இரவுச் சண்டைப் பிரிவு. விமானத்தின் மூக்கில் கொம்பு கொம்பாக நின்ற ராடார் கம்பிகளைவிட, உள்ளே இருந்த பிளென்ஸ்பர்க் என்னும் கருவியே பிரிட்டிஷாரைத் திடுக்கிடச் செய்தது. பின்னால் வரும் பகைவரைக் காட்டிக் காப்பதற்காகப் பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானங்களில் மோனிகா என்ற ராடாரைப் பொருத்தியிருந்தனர். அந்த மோனிகாவின் அலைகளைப் பின்பற்றியே பிளென்ஸ்பர்க் ஜெர்மானியரை நேரே கொண்டுவந்து சேர்த்தது! காவலாளியே திருடனுக்கு வழிகாட்டியிருக்கிறான். பிடித்த விமானத்தை ஓட்டிச் சோதித்து இதை உறுதி செய்துகொண்டு, மோனிகாவைக் கழற்றிவிட்டனர். டி.பி. 190 என்ற எண்ணும் பிரிட்டிஷ் வட்டமும் தாங்கிய யுங்கர்ஸ் படம் எதுவாயினும் அந்த ஜூலை விடியலுக்குப் பிற்பட்டதே.

1945-இல் போர் முடிந்ததும் நிலைமை மாறிற்று. அதுவரை ஒன்றிரண்டாகக் கிடைத்த விமானங்கள் நூற்றுக்கணக்கில் குவிந்தன. பிரிட்டிஷார் தங்கள் வான்துறை அமைச்சின் பெயரைச் சுருக்கி ‘ஏர் மின்’ என்றெழுதி, அதன்பின் வரிசை எண்ணிட்டனர். பார்ன்பரோவில் அவ்வாண்டு அக்டோபர், நவம்பர் மாதங்களில் அவற்றைப் பொதுமக்களுக்குக் காட்சியாகவும் வைத்தனர். அமெரிக்கர், கர்னல் ஹரால்டு வாட்சன் தலைமையில் ஜெட் விமானங்களை முதன்மையாகத் தேடிச் சேர்த்து, ஏறக்குறைய நாற்பதை 1945 ஜூலையில் ‘ரீப்பர்’ என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பலில் ஷெர்பூர் துறைமுகத்திலிருந்து கொண்டுசென்றனர். அங்கே எப்.ஈ. என்ற எழுத்துடன் எண் வழங்கினர். பின்னாளில் அந்த எப்.ஈ. டி–2 என்று மாற்றப்பட்டது. ஸ்மித்சோனியன் காட்சியகத்தில் இன்றுள்ள ஆராடோ 234 ஜெட் விமானம் எப்.ஈ. 1010 என்றிருந்தது. அதன் பிறப்பெண் 140312.

வாட்சன் குழுவினர் இன்னொரு குழப்பத்தையும் நமக்கு வைத்துப்போயினர். பழுது பார்த்தவர்கள் ஒவ்வொரு மெஸ்ஸர்ஷ்மிட் 262 ஜெட்டுக்கும் தங்கள் வீட்டுப் பெண்களின் பெயர் முதலியவற்றை மூக்கில் எழுதினர். ஓட்ட வந்த விமானிகள் அவற்றை அழித்துத் தங்களுக்குப் பிடித்த பெயர்களை எழுதிக்கொண்டனர். ‘வீரா’ என்று ஒரு படத்திலும் ‘வில்லி’ என்று ஒரு படத்திலும் காண்பது ஒரே ஜெட்; இருவர் அமரும் பயிற்சி விமானம். ஜெர்மானியரிடம் அது ‘வெள்ளை 35’; பிறப்பெண் 110639. பென்சில்வேனியாவிலுள்ள வில்லோ குரோவ் தளத்தில் பல ஆண்டு வெயிலிலும் மழையிலும் நின்ற பின், இப்போது பென்சகோலாவிலுள்ள கடற்படை விமானக் காட்சியகத்தில் இருக்கிறது.

இந்த வேலை ஐரோப்பாவில் மட்டும் நடந்ததாக எண்ண வேண்டாம். ஜப்பானியர் சரணடைந்த பின்னர், ஜொகூரில் தெப்ராவ் விமானத்தளத்தில் ஜப்பானிய விமானங்களைக் கொண்டுவந்து சேர்த்துப் பிரிட்டிஷ் தொழில்நுட்ப உளவுப் பிரிவு ஒன்று சோதித்தது. ஜீரோ விமானங்களின் பக்கத்தில் அப்பிரிவின் பெயர்ச்சுருக்கத்தைப் பெரிய வெள்ளை எழுத்தில் தீட்டி, ஜப்பானிய விமானிகளைக் கொண்டே ஓட்டச் செய்து எடுத்த படங்கள் இன்றும் உள்ளன. அவற்றுக்கும் இந்தப் படிப்பு முறை பொருந்தும்.

எழுத்தும் எண்ணும் தெளிவாக இருந்தும் விடை தவறாகிவிடும் சந்தர்ப்பங்கள் உண்டு. 1939 நவம்பரில் ஒரு மெஸ்ஸர்ஷ்மிட் 109 ஈ வகை, அல்சாஸ் பகுதியில் பிரெஞ்சுக்காரர் கையில் சிக்கியது. பிறப்பெண் 1304. முதலில் ஜெர்மன் சின்னம், பிறகு பிரெஞ்சு வட்டம், 1940-இல் பிரிட்டனுக்குச் சென்ற பின் பிரிட்டிஷ் வட்டத்துடன் ஏ.ஈ. 479 என்ற எண். 1941-இல் இறங்கும்போது அடிபட்டதால், வேறொரு மெஸ்ஸர்ஷ்மிட்டின் வாலை எடுத்து இதற்குப் பொருத்தினர். இதன் பிற்காலப் படத்தில் வாலை மட்டும் பார்த்து முடிவு கட்டுபவர் வேறொரு விமானத்தின் வரலாற்றையல்லவா எழுதுவார்? தகடுகளும் இப்படியே. பெரிய உறுப்புக்களுக்குத் தனித்தனித் தகடுகள் உண்டு. ஓர் உறுப்பின் எண்ணை விமானத்தின் எண்ணாகக் கொண்டு இடறியவர் பலர்.

படம் எடுத்த இடத்தை வைத்தும் ஏமாறலாம். 1940, 1941-ஆம் ஆண்டுகளில் பிரிட்டனில் வீழ்த்தப்பட்ட விமானங்களை வண்டியில் ஏற்றி ஊர்தோறும் காட்டி, ஸ்பிட்பயர் வாங்க நிதி திரட்டினர். ஒரு நகர மண்டபத்தின் முன் நிற்பதால் அந்த ஊரில் விழுந்தது என்று பொருளில்லை. திரைப்படம் தரும் ஏமாற்றம் வேறு வகை. 1969-இல் வெளிவந்த ‘பேட்டில் ஆப் பிரிட்டன்’ படத்தில் மெஸ்ஸர்ஷ்மிட்டுகளாக நடித்தவை ஸ்பெயினில் கட்டப்பட்டவை. அவற்றின் எஞ்சின் பிரிட்டிஷாரின் ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின்! அசல் ஜெர்மன் எஞ்சின் தலைகீழாகப் பொருத்தப்பட்டதாகையால் புகைப்போக்கிகள் மூக்கின் தாழ்ந்த பகுதியில் வரிசையாக நிற்கும். மெர்லினில் அவை உயர்ந்து நிற்கும். இதைப் பாராமல், படப்பிடிப்பின்போது எடுத்த படங்களைப் போர்ப்படங்களாக அச்சிடுவது இன்னும் நின்றபாடில்லை. ஜெர்மானியரும் சும்மா இருக்கவில்லை. தாம் பிடித்த அமெரிக்க, பிரிட்டிஷ் விமானங்களுக்குச் சிலுவையிட்டு, அடியில் மஞ்சளும் பூசி, தங்கள் விமானிகளுக்குக் காட்டினர். மஞ்சள் அடிப்பாகம் கண்டவுடன் பிரிட்டிஷ் கை என்று முடிவு செய்வது பிழை.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று சிலர் வினவக்கூடும். பொழுதுபோக்காகச் செய்வோரும் இருக்கிறார்கள், அதில் தவறில்லை. ஆனால் ஜெர்மன் விமானப்படை தன் இழப்புக்களைப் பட்டியலிட்டு வைத்தது. நாள், பிரிவு, விமானத்தின் வகை, பிறப்பெண், உள்ளிருந்தோர் பெயர், அவர்கள் மாண்டனரா, காயமுற்றனரா, காணாமற் போயினரா என்பனவெல்லாம் அதில் உண்டு. பிரிட்டிஷ் உளவு அதிகாரிகளும் தங்கள் மண்ணில் விழுந்த ஒவ்வொரு விமானத்தையும் சென்று பார்த்து, எழுத்து, நிறம், தகட்டெண் ஆகியவற்றைக் குறித்துவைத்தனர். ஒரு பழைய படத்திலுள்ள எண்ணைச் சரியாகப் படித்தால், இந்த இரண்டு பதிவுகளுக்கும் நடுவே பாலம் அமைந்துவிடும். காணாமற் போனவர் என்று மட்டும் எழுதப்பட்டிருந்த ஒருவர், எந்த வயலில், எந்த நாளில் வீழ்ந்தார் என்பது தெரியவரும். 3 என்பதை 8 என்று படித்துவிட்டாலோ, ஒருவருடைய சாவு மற்றொருவர் பெயரில் ஏறிவிடும். மங்கிய படத்தில் அந்த இரண்டு இலக்கங்களுக்கும் வேறுபாடு, இடப்பக்கம் இருக்கும் இரண்டு சிறு இடைவெளிகளே.

இனி, தொடக்கத்தில் கண்ட பாலைவன விமானத்துக்கு வருவோம். ஆர்.என். 228 ஆகிய அது, 1944-இல் இங்கிலாந்தில் நேசநாட்டு விமானங்களோடு ஒப்பிட்டுப் பறக்கவைக்கப்பட்டது. போர் முடிந்ததும் கிடங்குக்குப் போயிற்று. 1972-இல் பிரிட்டிஷ் விமானப்படை அதிகாரி ரஸ் ஸ்னாடனும் அவருடைய தோழர்களும் லைனம் தளத்தில் அதைச் செப்பனிடத் தொடங்கினர். ஏறத்தாழப் பத்தொன்பது ஆண்டு உழைப்புக்குப் பின், 1991 மார்ச் 17-ஆம் நாள் அது மீண்டும் வானேறியது. பூசியிருந்தது பாலைவன வண்ணம். இட்டிருந்தது ஜெர்மன் சிலுவை. எண் மறுபடியும் கருப்பு 6. ஆறாண்டு பறந்து, 1997 அக்டோபர் 12-ஆம் நாள் டக்ஸ்போர்டில் இறங்கும்போது உழுத வயலில் தலைகீழாகக் கவிழ்ந்தது. விமானி உயிர் தப்பினார். பழுது நீக்கி, இனிப் பறக்காமல் காட்சிக்கு மட்டும் என்று வைத்துவிட்டனர்.

இதனால் கருப்பு 6-இன் படங்களில் ஒரு புது வகையும் சேர்ந்துவிட்டது. போர்க்காலத்தில் இங்கிலாந்தின் வானில் அது பறந்தபோதெல்லாம் பிரிட்டிஷ் வட்டமே அதன் உடலில் இருந்தது. ஆகவே கீழே பசுமையான ஆங்கில வயல்வெளி தெரிய, ஜெர்மன் சிலுவையுடன் கருப்பு 6 பறக்கும் படம் கையில் கிடைத்தால், அது எவ்வளவு பழுப்பேறியதாகத் தோன்றினாலும், 1991 மார்ச்சுக்கு முன் எடுத்ததாக இருக்க முடியாது.